எல்லாம் இருக்கும்போது ‘இதெல்லாம் எதுக்கு’ என்று தோன்றுவது நோயா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். வயது 38, கோவையில் தனியார் வங்கி வேலை, மனைவி, ஆறு வயது மகள். வீட்டுக்கடன் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. அப்பா இறந்து 11 மாதம் ஆகிறது, அடுத்த மாதம் முதல் திதி. ஐந்தாறு மாதமாக, வண்டியை ஸ்டாண்டு போடும்போதோ மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதோ “எல்லாரும் சாகத்தானே போகிறோம், இதெல்லாம் எதுக்கு” என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை அதே நினைப்பு. மனைவி கோயிலுக்குப் போகலாம் என்கிறார், நண்பர் நாலு நாள் லீவு போட்டு மூணாறு போ என்கிறார். இணையத்தில் தேடினால் ‘எக்சிஸ்டென்ஷியல் கிரைசிஸ்’ (வாழ்வின் பொருள் பற்றிய நெருக்கடி) என்று வருகிறது. இது டிப்ரஷனா, வேறு ஏதாவதா, மருந்து வேண்டுமா, எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

நான் மனநல மருத்துவன். முதலில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலும் அப்புறம் சொந்த கிளினிக்கிலும் பல வருஷமாக இந்தக் கேள்வியை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டு வருகிறேன். உங்கள் பிரச்சினை நோயா என்பதை ஓரளவு உறுதியாகப் பேச முடியும். என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல முடியும். வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் என் எம்.டி. பட்டம் எந்தத் தகுதியையும் தரவில்லை. அதில் நீங்களும் நானும் ஒன்றுதான்.

நீங்கள் இணையத்தில் பார்த்த அந்தப் பெயரில் ஒரு நோய் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இல்லை. 1994-இல் வந்த டிஎஸ்எம்-4, நம்பிக்கை ஆட்டம் காண்பது போன்ற சமய, ஆன்மிகச் சிக்கல்களுக்கு ஒரு தனிக் குறியீடு கொடுத்தது. அதையும் ‘நோய் அல்ல, ஆனால் கவனிக்க வேண்டியது’ என்ற பகுதியில்தான் வைத்தது. கேள்வி கேட்பதே கோளாறு ஆகிவிடாது என்பதில் துறைக்குள் பெரிய தகராறு இல்லை.

அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஏனென்றால் டிப்ரஷனும் இதே வசனத்தைத்தான் பேசும். இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய தினமும், மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலும் ஈடுபாடு அற்றுப்போவது, இவற்றில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கம், பசி, உடல்சோர்வு, கவனம், குற்ற உணர்வு, நடை பேச்சில் மந்தம் அல்லது படபடப்பு, சாவு பற்றிய எண்ணம் என மொத்தத்தில் ஐந்து அறிகுறிகள் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அதை டிப்ரஷன் என்போம். இதற்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 படிவம் தமிழிலேயே கிடைக்கிறது. போட்டுப் பார்க்கலாம். அதில் வரும் மதிப்பெண் மருத்துவரைப் பார்க்கலாமா என்று முடிவுசெய்ய உதவும், அவ்வளவுதான். நோய் இருக்கிறது என்று அது தீர்ப்புச் சொல்லாது.

கிளினிக்கில் நான் இன்னொன்றையும் துருவிப் பார்ப்பேன். கடுமையான டிப்ரஷனில் பிடித்தது எதிரே வந்தாலும் பிடிக்காது, பேரன் மடியில் ஏறினாலும் மரத்துப்போயிருக்கும். மனம் தளர்ந்துபோன நிலை வேறு மாதிரி. எதிரே இருப்பதை அந்த நிமிஷம் ரசிக்க முடியும், நாளையை எண்ணி ஆசைப்பட மட்டும் முடியாது. மகள் பள்ளியில் டீச்சர் தும்மியதை நடித்துக் காட்டியதும் வாய்விட்டுச் சிரித்தீர்கள், சிரித்து முடித்த கையோடு “இவளும் ஒருநாள்…” என்று நினைப்பு வந்து அடிவயிறு பிசைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புற்றுநோயாளிகளோடு வேலைசெய்த மனநல மருத்துவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக விழாது, ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்யும். ஒரு பதிவைப் படித்துவிட்டு உங்களுக்கு டிப்ரஷன் இல்லை என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சர்க்கரை என்று நாலு சோதனை போதும். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் பி12 கண்டிப்பாகப் பாருங்கள். அது குறைந்தால் சோர்வும் மனக்கலக்கமும் வரும், மாத்திரையிலோ ஊசியிலோ சரியாகிவிடும். தூக்கம் வருவதற்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் ‘கொஞ்சம்’ சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மது படுத்த உடனே தூக்கத்தைக் கொண்டுவரும், போதை இறங்கும்போது பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். உங்கள் மூன்று மணி விழிப்பில் தத்துவத்தின் பங்கு எவ்வளவு, குவார்ட்டரின் பங்கு எவ்வளவு என்பது ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். தினமும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். அவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது, நீங்கள் நேராகக் கேட்காமல் விட்டது. “இருந்தும் என்ன” என்ற அலுப்பு பலருக்கு வரும். அது “இப்படிச் செய்தால் முடிந்துவிடும்” என்று வழியைப் பற்றிய யோசனையாக மாறினால் நிலைமை வேறு. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் ஐம்பது வயதை நெருங்கும்போது பேர், சொத்து, குடும்பம் எல்லாம் இருந்தும் இதே கேள்வியில் சிக்கினார். அறையில் தனியாக இருக்கும்போது உத்தரத்தில் தொங்கிவிடுவோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்துவைத்ததாகவும், துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதை நிறுத்தியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். கேள்விக்கு விடை கிடைக்கும்வரை காத்திராமல் முதலில் கயிற்றை அப்புறப்படுத்தினார் பாருங்கள், அதைத்தான் இன்றும் சொல்கிறோம். இது வெறும் புத்திமதி இல்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பத்தே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அப்படி ஒரு யோசனை தலைகாட்டினால் அன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

சரி, அப்படி எதுவும் இல்லை, டிப்ரஷனும் இல்லை, கேள்வி மட்டும்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் ஆள் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். 1826 இலையுதிர்காலம், வயது 20. அப்பா ஜேம்ஸ் மில் மூன்று வயதிலேயே கிரேக்கம் ஆரம்பித்துவைத்து, உலகத்தைச் சீர்திருத்தவே வளர்த்த பிள்ளை. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை. ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டார்: நீ விரும்புகிற சீர்திருத்தம் எல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமா? இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. அதோடு எல்லாம் சரிந்தது. வேலைக்குப் போனார், எழுதினார், பேசினார், எல்லாம் பழக்கதோஷத்தில். அப்பாவிடம் சொல்ல முடியாது, தனக்கு இருந்த நண்பர்களில் இதைச் சொல்லக்கூடியவர் என்று யாரையும் நினைக்கவும் முடியவில்லை.

அவருக்கு முடிச்சு அவிழ்ந்தது வாதத்தால் அல்ல. மார்மோந்தேல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்துபோகிறார், வீடே இடிந்து உட்கார்ந்திருக்கிறது, சின்னப் பையன் ‘இனி உங்களுக்கு எல்லாம் நானாக இருப்பேன்’ என்று மனத்தில் உறுதி எடுக்கிறான். அந்த இடத்தில் மில்லுக்கு அழுகை வந்துவிட்டது. தான் கல்லாகிவிடவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன், அப்போதிலிருந்து பாரம் குறைந்தது என்கிறார். (இதை வைத்து உளப்பகுப்பாய்வுக்காரர்கள் பின்னால் நிறையக் கதை கட்டினார்கள். அது நமக்கு வேண்டாம்.) கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம்: சந்தோஷத்தைக் குறிவைத்துப் போனால் கிடைக்காது, வேறொன்றில் மனத்தைச் செலுத்தியிருக்கும்போது போகிற வழியில் கிடைக்கும். அர்த்தத்துக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

இப்போது உங்கள் பதிவின் நடுவில் போகிற போக்கில் வந்த ஒரு வரிக்கு வருகிறேன். “அப்பாவின் டிரங்குப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை.” அதே பதிவில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் குடும்ப ஓய்வூதியம், பட்டா மாறுதல் எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் முடித்துவிட்டதாகவும் சொல்கிறீர்கள். தாலுகா ஆபீசுக்கு அலைய நேரம் கிடைத்தவருக்கு ஒரு பெட்டியைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு மூத்த பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். கொள்ளி வைத்ததிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் பிடித்து, வந்தவர்களுக்குப் பதில் சொல்லி, அம்மா எதிரில் அழக்கூடாது என்று அடக்கி, அப்படியே அலுவலகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நாலைந்து மாதம் கழித்து அது ‘பிரபஞ்சத்தில் மனிதனின் இடம் என்ன’ என்று வந்து நிற்கும்.

உங்களுக்கும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாவு பற்றிய பொதுக் கேள்வியை எடுத்துக்கொண்டு வருபவரிடம், கடைசியாக யார் போனார்கள், எதை இழந்தீர்கள், எந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980-இல் சாவு, சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்று நான்கைச் சொன்னார், எந்த மனிதனும் தப்பிக்க முடியாதவை என்று. நல்ல வரைபடம்தான், ஆனால் அந்த நாலும் நம்மிடம் அந்தப் பெயரோடு வருவதில்லை. அப்பாவின் பெட்டியாகவோ, பிடிக்காத பதவி உயர்வாகவோ, மூன்று வருஷமாகப் பேசாத அண்ணனாகவோதான் வருகின்றன.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. ஐம்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். “வீட்டைக் கூட்டினா திரும்பக் குப்பைதான் சேருது டாக்டர், எதுக்குக் கூட்டணும்?” என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். முதலில் டிப்ரஷனுக்கு மருந்து கொடுத்தேன். தூக்கமும் பசியும் சரியாயின, கேள்வி போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், அந்தப் பிள்ளைகளின் அம்மாவோடு சண்டை வந்து இரண்டு மாதத்தில் விட்டார். அப்புறம் பக்கவாதம் வந்த நாத்தனாருக்குத் துணையாக வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போய்வந்தார். அந்த நாத்தனாரை அவருக்கு எப்போதுமே பிடிக்காது, இன்றும் திட்டிக்கொண்டேதான் போகிறார். “அந்த யோசனை இப்பவும் வரும், ஆனா புதன்கிழமை காலைல வராது” என்றார். புதன் பிசியோதெரபி நாள். இதை வைத்துச் சேவை செய்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சூத்திரம் போடவில்லை. நாம் போகாவிட்டால் ஒருவருக்குச் சிரமம் என்ற நிலை இருக்கும் நாட்களில் அந்தக் கேள்வியின் பிடி தளர்கிறது, அதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆராய்ச்சி எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், நாஜி முகாம்களில் இருந்து மீண்டவர், அர்த்தம் கிடைக்கும் வழிகளாக மூன்றைச் சொன்னார்: ஒன்றைச் செய்வது, ஒன்றையோ ஒருவரையோ அனுபவித்து நேசிப்பது, மாற்ற முடியாத துன்பத்தின் எதிரில் எப்படி நிற்கிறோம் என்பது. அவர் கருத்துகளை அடியொட்டி நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் குழுவினர் முற்றிய புற்றுநோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கிச் சோதித்தார்கள். மனநிறைவு கூடியது, நம்பிக்கையின்மை குறைந்தது. இது ஓரளவு உறுதியான சான்று. அதே பலன் உடல்நலத்தோடு இருக்கும் 38 வயது வங்கி ஊழியருக்கும் கிடைக்கும் என்பதற்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. சாவை நினைவூட்டினாலே மனிதர்கள் தம் கொள்கையை இறுகப் பிடிக்கிறார்கள் என்று புகழ்பெற்ற ஒரு கோட்பாடு உண்டு. பல ஆய்வகங்கள் சேர்ந்து அதன் மூலச் சோதனை ஒன்றைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நாற்பதை ஒட்டி எல்லாருக்கும் ‘மிட்லைஃப் கிரைசிஸ்’ என்ற நடுவயது நெருக்கடி வரும் என்பதும் அப்படித்தான். 1965-இல் உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் அந்தப் பெயரைப் பரப்பினார். எல்லாருக்கும் வரும் ஒரு கட்டம் அது என்பது நிரூபணமாகவில்லை.

மருந்து பற்றி: டிப்ரஷன் இருந்தால் மருந்து வேலை செய்யும், பயப்படாமல் எடுக்கலாம். அர்த்தமின்மைக்கு மாத்திரை இல்லை. தேவையில்லாமல் எடுத்தால் சிலருக்கு அழுகையும் வராமல் சிரிப்பும் வராமல் உணர்ச்சி மழுங்கிப்போகும். உங்களைப் போல அழாமல் இருப்பவருக்கு அது வேண்டாத வேலை.

இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரே யோசனையைச் சுற்றிச் சுற்றி அரைப்பது பற்றி. ‘ஏன்’ என்று பொதுப்படையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் மனம் இன்னும் தாழ்கிறது, ‘என்ன நடந்தது, அடுத்து எப்படி’ என்று குறிப்பாக யோசிப்பது அப்படிச் செய்வதில்லை. இங்கிலாந்தில் உளவியலாளர் எட் வாட்கின்ஸ் போன்றவர்களின் ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. அதனால் ராத்திரி மூன்று மணிக்கு வாழ்க்கையின் பொருள் பற்றி விவாதம் வேண்டாம். எந்தத் தத்துவத்துக்கும் அந்த நேரத்தில் நியாயம் கிடைக்காது. இருபது நிமிஷத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலுக்கு வந்து, எண்ணத்தை ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவையுங்கள். போனை எடுக்காதீர்கள். மறுநாள் மாலை காபிக்குப் பிறகு அரைமணி நேரம் ஒதுக்கி அந்தத் தாளைப் பாருங்கள். பாதிக்கு மேல் பகலில் வேறு மாதிரித் தெரியும். மிச்சம் உண்மையான கேள்வி, அதை யோசிக்கலாம்.

கோயில் பற்றிக் கேட்டீர்கள். போங்கள், நம்பிக்கை இருந்தால் அது நிஜமான துணை. நம்பிக்கை இல்லை என்றால் மனைவிக்காக ஒருமுறை போவதிலும் தப்பில்லை, ஆனால் அது வேலை செய்யவில்லையே என்று இன்னொரு கவலையைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். திருவண்ணாமலைக்கே போய்விடலாமா என்று நீங்கள் கேட்டதைத்தான் நான் நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். ரமணர் 1896-இல், 16 வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில், திடீரென்று சாவு பயம் பிடித்தபோது பிணம்போல் படுத்து அதை நேரே பார்த்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதில் நமக்கு ஆகிற விஷயம் அவர் பயத்தைவிட்டு ஓடவில்லை என்பது. அவர் வீட்டைவிட்டுப் போனதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஈ.எம்.ஐ. பாக்கியோடு வேலையை விட்டுப் போய், ஆறு மாதத்தில் இரட்டைக் கவலையோடு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். வேலையை விடுவது, வீட்டை விற்பது, பிரிவது போன்ற முடிவுகளை இந்த நிலையில் எடுக்காதீர்கள், ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். பத்து நாள் மௌனத் தியான முகாமும் இப்போதைக்கு வேண்டாம். பலருக்கு நல்லது செய்யும், பதற்றம் மிகுந்தவர்கள் சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகும்.

படிக்க வேண்டும் என்றால் பட்டினத்தாரைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். புறநானூற்றில் 194-ஆம் பாட்டைப் பாருங்கள், பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேராகவே திட்டுகிறார் புலவர். அப்புறம் “இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே” என்கிறார். உலகம் கொடியது என்பதை அவர் மறுக்கவே இல்லை. அது தெரிந்தவர்கள் இனியதைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ‘எல்லாம் நன்மைக்கே’ என்பவர்களைவிட எனக்கு இவர் மேல் நம்பிக்கை அதிகம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்த வாரம் ரத்தப் பரிசோதனை. ஒரு மாதம் மது வேண்டாம். திதிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து அந்தப் பெட்டியைத் திறங்கள். தனியாகத் திறக்காதீர்கள், எது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அழுகை வந்தால் வரட்டும். ஒன்றும் வரவில்லை என்றாலும் தப்பில்லை. அப்புறம் வாரத்தில் ஒரு நாளாவது, சம்பளமோ பாராட்டோ இல்லாத, நீங்கள் போகாவிட்டால் ஒருவர் காத்திருப்பார் என்கிற மாதிரியான ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூணாறு போவதானால் போங்கள், அதைச் சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள்.

எத்தனை நாள் என்பதற்கு நேர்மையான பதில், சில வாரத்திலிருந்து பல மாதம் வரை, அதுவும் நேர்கோட்டில் குறையாது. மில்லுக்கே தெளிந்த பிறகு பலமுறை திரும்ப வந்தது, சில தடவை மாதக்கணக்கில் நீடித்தது. ஆனால் முதல் தடவை போல் மறுபடி ஆனதில்லை என்கிறார். ஆறு முதல் எட்டு வாரம் பாருங்கள். தூக்கம், பசி, வேலை மூன்றில் எது சரிந்தாலும் அதற்கு முன்பே ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். அப்பா போன துக்கம் ஒரு வருஷம் கழிந்தும் தினமும் அதே வேகத்தில் அழுத்தினால் அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு, அதையும் கேளுங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிப்போங்கள். நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் பெரும்பாலும் அவர் சொல்லும் தேதிதான் சரியாக இருக்கும்.